எழுபது வளைவுகளும் ஒரு ‘ஹலோ’வும்

கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் அறிவுரை: “பாக்கெட்ல ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக்குங்க.” சாமிக்கு இல்லை, வயிற்றுக்கு!

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி என்ற அடிவாரம். அங்கே ஆரம்பிக்கின்றன எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை வேறு. பத்தாவது வளைவு வரை பஸ்ஸில் பாட்டுக் கச்சேரி. இருபதில் பாட்டு நின்று பேச்சு. முப்பதில் பேச்சும் நின்றுவிடும். நாற்பதுக்கு மேல் அவரவர் குலதெய்வமும் அவரவர் எலுமிச்சம்பழமும்தான் துணை.

இந்த ரோட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு வளைவும் தனியாகப் பார்த்தால் சின்ன ஏற்றம்தான். “அட, இவ்வளவுதானா!” என்றுதான் தோன்றும். ஆனால் எழுபதும் முடிந்து திரும்பிப் பார்த்தால், ஊரெல்லாம் தீப்பெட்டி சைஸில் கீழே கிடக்கிறது. நேராக ஒரே ரோடு போட்டு ‘இதில் ஏறு’ என்றால் எந்த பஸ்ஸும் ஏறாது, எந்த மனுஷனும் ஏறமாட்டான். வளைத்து வளைத்துப் போட்டதால் ஏறிவிடுகிறோம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வளைவுகள் தீர்ந்ததும் எதிர்கொண்டு வரவேற்கிற ஊர் சோளக்காடு. பெயரை நம்பி சோளம் தேடாதீர்கள். நாங்கள் போன அன்று சந்தையில் சோளத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. பலாப்பழம் மலை மலையாக. அன்னாசி, வாழைத்தார், மிளகு, காப்பிக்கொட்டை. மலைமேல் கிராமங்களிலிருந்து வந்த மலையாளி இனத்துப் பெண்கள் (கேரளா அல்ல, இவர்கள் இந்த மலையின் பூர்வகுடிகள்) முன்னால் கூறு கட்டி வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூவி அழைப்பது கிடையாது. ‘ஆஃபர் இன்னும் பத்து நிமிஷம்தான்’ கிடையாது. வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் போ.

நாங்கள் மூன்று பேர், ஒரே ஆபீஸ். நான், ஸ்டோர்ஸ் நண்பர், அக்கவுண்ட்ஸ் நண்பர். ஸ்டோர்ஸ் நண்பர் ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, “நல்லா இருக்குமாம்மா?” என்று பத்தாவது தடவை கேட்டார். அந்த அம்மாள் அரிவாளை எடுத்தார். நண்பர் ஓரடி பின்வாங்கினார். “பயப்படாதீங்க தம்பி. அறுத்துக் காட்டுறேன். சுளையத் தின்னு பாருங்க. புடிச்சா காசு குடுங்க” என்றார். ஒரே போடு. உள்ளே தங்கம் தங்கமாகச் சுளை.

“தேனும் இப்படித்தான் பார்த்து வாங்கணும்” என்றார் ஸ்டோர்ஸ் நண்பர் வாய் நிறைய பலாச்சுளையோடு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தேன் விற்கிற ஓர் ஆசாமியைப் பற்றிச் சொன்னார். தீக்குச்சியைத் தேனில் முக்கி, பெட்டியில் உரசி, பற்றவைத்துக் காட்டுவாராம். “எரியுது பாருங்க, சுத்தமான மலைத்தேன்!” கூட்டம் கைதட்டி வாங்கிப் போகும். வீட்டில் போய்ப் பார்த்தால் வெல்லப்பாகு! குச்சி எரிந்தது நிஜம். ஆனால் குச்சி எரிவதற்கும் தேன் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாருமே கேட்கவில்லை. கண் முன்னால் ஒன்றைச் செய்து காட்டிவிட்டால் போதும், மனசு மிச்சத்தைத் தானே நம்பிக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் அக்கவுண்ட்ஸ் நண்பரின் முகம் மாறியது. காலையிலிருந்தே மனுஷன் சரியில்லை. வளைவு மயக்கம் என்று நினைத்திருந்தோம்.

பக்கத்தில் முடவாட்டுக்கால் சூப் கடை. கொல்லிமலைக்குப் போனால் குடிக்காமல் வரக்கூடாது என்பார்கள். பெயரில் ஆட்டுக்கால், பாத்திரத்தில் கிழங்கு! பாறை இடுக்கில் வளர்கிற, ரோமம் மூடிய ஒரு கிழங்கு. மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். பெயர்தான் ஏமாற்றுகிறதே தவிர, கடைக்காரர் ஏமாற்றவில்லை. கிழங்கைக் கடை முகப்பிலேயே அடுக்கி வைத்திருக்கிறார். சூப்பில் இரண்டு மடக்கு உள்ளே போனதும் அக்கவுண்ட்ஸ் நண்பர் வாயைத் திறந்தார்.

“மூணு நாளாச்சுடா. யார்கிட்டயும் சொல்லல. அறுபத்திரண்டாயிரம் போச்சு.”

கதை இதுதான். இரவு வீட்டில் லேப்டாப்பில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எதையோ தட்டப்போக, திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. ‘உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது. வைரஸ் உங்கள் பாங்க் விவரங்களைத் திருடிக்கொண்டிருக்கிறது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.’ கூடவே சைரன். மூலையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம். மவுஸ் அசையவில்லை. பக்கத்து அறையில் தூங்கும் அப்பா எழுந்துவிடுவாரே என்ற பதற்றம் வேறு.

போன் செய்தார். எதிர்முனையில் தேன் குழைத்த குரல். “ஹலோ சார், கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்.”

அந்த ‘நான் இருக்கேன்’தான் முதல் வளைவு.

இரண்டாவது வளைவு: “இந்த இரண்டு பட்டனை மட்டும் சேர்த்து அழுத்துங்க சார்.” அழுத்தினார். மூன்றாவது: “நான் சொல்கிற எழுத்துக்களை டைப் பண்ணுங்க.” செய்தார். நான்காவது: “எங்க இன்ஜினீயர் உங்க திரையைப் பார்க்க ஒரு சின்ன ஆப்.” இறக்கினார். ஐந்தாவது: “அதில் வர்ற ஒன்பது நம்பரைச் சொல்லுங்க.” சொன்னார். அவ்வளவுதான். மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது, பேய் படத்தில் ஊஞ்சல் ஆடுவது மாதிரி.

அடுத்து ‘இன்ஜினீயர்’ ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். சிவப்பு வட்டம், மஞ்சள் முக்கோணம், ‘எரர்’, ‘எரர்’, ‘எரர்’. நூற்றுக்கணக்கில். “பாருங்க சார், உங்க மெஷின் எவ்வளவு கெட்டுப் போயிருக்குன்னு.” நண்பருக்கு வயிறு கலங்கிவிட்டது.

அந்தப் பட்டியலின் ரகசியம் என்ன தெரியுமா? அதன் பெயர் ‘ஈவன்ட் வியூவர்’. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் தினமும் எழுதுகிற டைரி. ‘இன்று பால்காரர் பத்து நிமிஷம் தாமதம். காலிங்பெல் ஒருமுறை அடிக்கவில்லை. மாமியார் முறைத்தார்’ என்கிற ரகம். நேற்றுக் கடையில் வாங்கிய புத்தம்புது மெஷினைத் திறந்தாலும் அதில் எரர்கள் இருக்கும். அதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. அதாவது, குச்சி எரிந்தது நிஜம், தேன்தான் பொய்!

அந்தச் சிவப்புத் திரையும் அப்படித்தான். கம்ப்யூட்டர் பூட்டப்படவே இல்லை. அது ஒரு வலைப்பக்கம், திரை முழுக்க விரிந்து நிற்கிற படம். வீட்டு வாசலில் யாரோ பாம்பு பொம்மையைப் போட்டுவிட்டு, ‘பாம்பு பிடிக்கணுமா?’ என்று அவரே வந்து கதவைத் தட்டுகிற கதை.

‘ரிப்பேர்’ கட்டணம் எட்டாயிரம் என்றார்கள். கட்டினார். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் அதே தேன் குரல்: “சார், எங்க கம்பெனி அந்தத் திட்டத்தை நிறுத்திட்டோம். பணத்தைத் திருப்பித் தர்றோம்.” அடடா, என்ன நேர்மை! பாங்க் கணக்கைத் திறக்கச் சொன்னார்கள். எட்டாயிரத்துக்குப் பதில் எண்பதாயிரம் வந்துவிட்டதாகத் திரையில் காட்டியது. “ஐயோ சார், கை தவறி ஒரு சைபர் கூடிடுச்சு. என் வேலை போயிடும். மிச்சத்தை அனுப்பிடுங்க” என்று அந்தப் பெண் அழுதாளாம். நிஜத்தில் ஒரு பைசா வரவில்லை. திரையில் தெரிந்த எண்ணை மட்டும் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். நண்பரோ, பாவம் ஒரு பெண்ணின் வேலை போகக்கூடாதே என்று, கணக்கிலிருந்த ஐம்பத்து நாலாயிரத்தையும் அனுப்பிவிட்டார்.

கவனியுங்கள். முதல் நாள் அவரை வீழ்த்தியது பயம். இரண்டாம் நாள் வீழ்த்தியது இரக்கம். பேராசை எங்கேயுமே இல்லை. ‘அறுபத்திரண்டாயிரத்தை எனக்குக் கொடு’ என்று ஒருவன் நேராகக் கேட்டிருந்தால் நண்பர் செருப்பைக் கழற்றியிருப்பார். எழுபது வளைவு போட்டதால் ஏறிவிட்டார்.

ஸ்டோர்ஸ் நண்பர் வழக்கம்போல் கிண்டல் செய்ய வாயெடுத்தார். “ஏன் மாப்ளே, எங்க ஆபீஸ்ல ஒரு ரூபா வவுச்சருக்கு மூணு கையெழுத்து கேட்ப...” பாதியில் நிறுத்திக்கொண்டார். எதிரில் இருந்தவரின் கண்ணில் தண்ணீர்.

“இதனாலதாண்டா சொல்லல. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவன் ஏமாந்தான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க.”

இந்த வெட்கம் இருக்கிறதே, இதுதான் அந்தக் கூட்டத்தின் மூலதனம். ஏமாந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

கிழவர்களும் கம்ப்யூட்டர் தெரியாதவர்களும்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறீர்களா? 2021-ல் மைக்ரோசாஃப்ட் 16 நாடுகளில் இந்த மோசடி பற்றி ஆய்வு செய்தது. இந்தியாவில் கேட்கப்பட்டவர்களில் 69 சதவீதம் பேர் இந்த வலையை அந்த ஒரு வருஷத்தில் சந்தித்திருந்தார்கள். 31 சதவீதம் பேர் பணத்தையும் இழந்திருந்தார்கள். அதிகம் மாட்டியது யார் தெரியுமா? 24 வயதிலிருந்து 37 வயது வரை உள்ளவர்கள். அதாவது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்களும் எழுதிக்கொண்டிருக்கிற நானும்! ‘நமக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்கிற வயசு.

இன்னொரு கதை கேளுங்கள். ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் ஒருவர். இந்த மோசடிக் கால் சென்டர்களின் கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்து அவர்களைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர். 2020-ல் பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியே அவரது ஆதாரங்களை வைத்து வந்தது. மோசடிக்காரர்களுக்கு அவர் சிம்ம சொப்பனம். அப்பேர்ப்பட்டவரை 2021 ஜூலையில் ஒருவன் யூடியூப் ஊழியர் மாதிரி பேசி, அவரது சானலை அவர் கையாலேயே அழிக்க வைத்துவிட்டான்! சானல் பிறகு திரும்பக் கிடைத்தது. நடந்ததை அவரே ஊரறியச் சொன்னார். அதுதான் விஷயம்: ஏமாந்ததை வெளியே சொன்னதால் அவர் மதிப்பு குறையவில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகு அக்கவுண்ட்ஸ் நண்பர் 1930-க்குப் போன் போட ஒப்புக்கொண்டார். மலையில் சிக்னல், வளைவுக்கு வளைவு வருவதும் போவதுமாக இருந்தது. சோளக்காட்டில் கிடைத்து, கிடைத்த வேகத்தில் அறுந்தது. செம்மேடு போய் முயற்சி செய்யலாம் என்று கிளம்பினோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையின் ராஜா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தாராம். ஸ்டோர்ஸ் நண்பருக்குக் கிண்டல் வாய் திரும்பிவிட்டது. “ஓரி ஒரே அம்புல அஞ்சைத் துளைச்சார். இவனுங்க ஒரே ஆப்புல பாங்க், மெயில், பாஸ்வேர்டு, போட்டோ, நிம்மதின்னு அஞ்சையும் துளைச்சுட்டானுங்க!”

ஆப்பு என்றது ஆப்பைத்தான். சத்தியமான வார்த்தை. ‘எனிடெஸ்க்’ போன்ற ஆப்கள், தூரத்திலிருக்கிற கம்ப்யூட்டரை நியாயமாகச் சரிசெய்வதற்காகப் பிறந்தவை. கெட்டவன் கையில் கிடைத்தால் வீட்டுச் சாவி கொடுத்த மாதிரி. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி பாங்குகளை எச்சரித்தது.

அந்த நேரம் பார்த்து 1930-ல் லைன் கிடைத்தது. நண்பர் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை எல்லாவற்றையும் அக்கவுண்ட்ஸ்காரருக்கே உரிய துல்லியத்தோடு சொன்னார். ரூபாய், பைசா சுத்தமாக! புகார் எண் மெசேஜில் வந்தது. அந்த நிமிஷம் முகத்தில் தெரிந்த வெளிச்சம், பணம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. (வரவில்லை. மூன்று நாள் தாமதம் அல்லவா? பின்னால் தெரிந்தது: ஒன்பதாயிரம் மட்டும் எங்கோ ஒரு கணக்கில் முடக்கி வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் ஓடிவிட்டது.)

அங்கிருந்து எட்டுக்கை அம்மன் கோயில். இந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று மக்கள் கும்பிடுகிறார்கள். சங்கப் பாட்டுக்களில் வருகிற பழைய பெயர் அது. அழகான பெண் உருவம். கெட்ட எண்ணத்தோடு மலைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்குமாம். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனால் உயிர் போய்விடும் என்பது கர்ணபரம்பரைக் கதை. அக்கவுண்ட்ஸ் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “இந்தப் பாவை கெட்டவனைப் பார்த்துத்தான் சிரிக்குது. போன்ல சிரிச்ச பாவை நல்லவனைப் பார்த்துல்ல சிரிச்சுது” என்றார். காலையிலிருந்து அவர் அடித்த முதல் ஜோக். நாங்கள் இருவரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம்.

அந்தப் போன் பாவை யார்? இங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. அது நம்மை மாதிரி ஒரு சம்பளக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த மோசடிமீது ஆறு வழக்குகள் போட்டபோதே இந்தியாவின் பெயர் அடிபட்டது. 2018 அக்டோபரில் டெல்லியில் 10 கால் சென்டர்கள், அடுத்த மாதமே குருகிராம், நொய்டாவில் 16 என்று போலீஸ் புகுந்து பல பேரைப் பிடித்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்று நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது. புகார் கொடுத்தவர்களில் மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் உண்டு.

கழுத்தில் அடையாள அட்டை, மாதச் சம்பளம், நைட் ஷிஃப்ட் கேப் என்று எல்லாம் ஆபீஸ் மாதிரியே இருக்கும். ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை’ என்று நம்பி வெளிநாடு போய், ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைபட்ட நம் பையன்களும் உண்டு. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். வேலைக்கு ஆர்டர் வந்தால், ‘இந்தக் கம்பெனி என்ன விற்கிறது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வழவழவென்றிருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாக ஆகாய கங்கை அருவி. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்க வேண்டும். இறங்குவது சுகம். பேசிக்கொண்டே இறங்கிவிட்டோம். குளித்துவிட்டு மேலே ஏறும்போதுதான் ஒவ்வொரு படியும் வட்டி கேட்டது. நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அக்கவுண்ட்ஸ் நண்பர் சொன்னார்: “பணம் போறது இறங்குற மாதிரி. திரும்பி வர்றது ஏறுற மாதிரி.” முழங்கால் நடுங்க நாங்கள் தலையை ஆட்டினோம்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பிரம்மச்சாரிகள், சம்சாரிகள் அனைவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போட்டோம்.

திரை சிவந்து சைரன் அடித்தால் முதலில் சத்தத்தைக் குறையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜருக்குள் போய் பிரவுசரை மூடுங்கள். முடியவில்லையா? பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்துவிடுங்கள். ஒன்றும் வெடிக்காது. மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரையில் வருகிற எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிஜமான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பரே இருக்காது. ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்’ என்று தானாகக் கூப்பிடுகிற வழக்கமும் அவர்களுக்கு இல்லை.

எந்த கஸ்டமர் கேர் எண்ணையும் வலையில் தேடி, முதலில் வருவதைத் தட்டாதீர்கள். பாங்க் என்றால் கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம்பர் அங்கேயே இருக்கிறது.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்களா? உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அந்த ஆப்பைப் பிடுங்கி எறியுங்கள். வேறொரு போனிலிருந்து பாங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் 1930. நல்ல நேரம், ராகு காலம் பார்க்க வேண்டாம். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் நின்றுகொண்டிருக்கும்போதே அதை முடக்கத்தான் அந்த ஏற்பாடு. முதல் ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கும் மூன்று நாள் கழித்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், எங்கள் நண்பரின் பாஸ்புக்கில் எழுதியிருக்கிறது.

முக்கியமாக, நடுவில் எந்த வளைவிலும் இறங்கிவிடலாம். நாலாவது வளைவில் சந்தேகம் வந்தால் நாலாவதிலேயே போனை வைத்துவிடுங்கள். ‘இவ்வளவு நேரம் நல்லா பேசினாங்களே, பட்டென்று வெச்சா மரியாதையா?’ என்று தயங்காதீர்கள். திருடனுக்கு என்ன மரியாதை!

கூடவே இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸில், வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால், ‘படிச்சவன்தானே நீ?’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் போனை எடுத்து 1930 அழுத்திக் கையில் கொடுங்கள். கேலியெல்லாம் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிவிடாது. பணம்தான் ஓடிவிடும்.

ஊர் திரும்பிய மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அக்கவுண்ட்ஸ் நண்பர் தானாகவே எழுந்து நின்று நடந்ததை எல்லாருக்கும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்து கைகழுவுகிற இடத்தில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் பெரியவர் ஒருவர் அவரைத் தனியாக ஓரமாக அழைத்துப்போனார்.

“தம்பி... அந்த நம்பர் 1930-தானே? எனக்கும் முந்தாநாள் ஒரு ‘ஹலோ’ வந்துது.”